பெயர்ந்தோர் மக்களும் அவர்தம் உடல்நலமும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, கல்லூரி நாட்களின் நினைவுகளை எழுதுவதே முறையென முதலில் எண்ணினோம். ஆயின், அந்நினைவுகளை எம்மினும் சுவைபட எழுத வல்லார் பலர் உளர். குழந்தை வைத்தியம் செய்து ஓய்ந்து, எண்பதைக் கடந்துவிட்ட எமக்குச் செவ்வையாகத் தெரிந்த பொருள் ஒன்றே. அது குழந்தைகளின் உடல்நலம். அவருள்ளும், ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளையே யாம் மிகுதியும் பார்த்தோம். இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பேரப்பிள்ளைகளைத் தோளிற் சுமப்பவர்கள். ஊரில் இருப்போருள்ளும் கடல்கடந்த உறவில்லாதார் சிலரே. ஆதலின், இப்பொருள்பற்றிச் சில கூறுதல் இம்மலருக்குப் பொருந்தாததாகாது என்று துணிந்தோம்.

நம்மவரிடையே இதுபற்றி இருவேறு கொள்கைகள் வழங்குகின்றன. ஒருசாரார், வெளிநாட்டிற் பிறந்த பிள்ளை பாலிலும் பழத்திலும் வளர்கின்றது, அதற்கு நோயேது என்பர். மற்றொருசாரார், அது பண்ணைக்கோழிபோல உருவிற் பெருத்ததேயன்றி உரம் பெற்றதன்று, வெயிலிலும் மணலிலும் உருண்டு புரண்ட எங்கள் பிள்ளைக்கு அது ஈடாகுமோ என்பர். கலியாண வீடுகளிலும் கோயில் வீதிகளிலும் இவ்வழக்கு ஓய்ந்தபாடில்லை. இருசாரார் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. நாடு பெயர்தல் ஒருநாட் பயணம். உடல் பெயர்தலோ மூன்று தலைமுறைப் பயணம். புகுந்த மண் சிலவற்றை உடனே கொடுக்கின்றது. சிலவற்றை உடனே பறிக்கின்றது. வேறு சிலவற்றை மாற்றுதற்கு அதற்கு நெடுங்காலம் செல்கின்றது. இம்மூன்றையும் யாம் நூல்களிற் கற்குமுன் குழந்தைகளின் உடலிலேயே கண்டோம்.

முதலிற் கண்டது நமது நாட்டிலேயேயாம். 1970ஆம் ஆண்டு தொடக்கம் நான்கு ஆண்டுகள் மலைநாட்டில் அரசினர் வைத்தியசாலை ஒன்றிற் கடமையாற்றினோம். எம்மிடம் வந்த குழந்தைகளின் மூதாதையர், 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்டோர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை கால்நடையாக வந்தோரும், வரும் வழியிலேயே மடிந்தோரும் எண்ணிறந்தோர். யாம் கண்ட குழந்தைகள் அவர்களுக்கு நான்காம், ஐந்தாம் தலைமுறையினர். ஐந்து தலைமுறை ஒரு மண்ணில் வாழ்ந்தோரை வந்தேறிகள் என்றல் தகாது. ஆயினும் அவர்தம் உடல், அன்று கரையிறங்கியோரின் உடலாகவே இருந்தது. பிள்ளைக்கு வயது ஏழு என்று தாய் கூறுவாள். எமது அளவுகோலோ நான்கு என்று கூறும். தாய் விடியுமுன் எழுந்து கொழுந்து பறிக்கச் செல்வாள். குழந்தை பிள்ளைக்காம்பராவில் இருக்கும். கோதுமை மா ரொட்டியும் சாயத்தண்ணியும் அதற்கு உணவு. 1973, 1974ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு வந்தபொழுது, முதலில் வாடியவை அம்மலைகளே. காலையில் ஒரு லயத்திலிருந்து கொண்டுவரப்பட்ட இரு குழந்தைகளை மாலையில் வெறுங்கையோடு தாயிடம் அனுப்ப நேர்ந்த நாளும் உண்டு. அதனை விரித்தெழுத எமக்கு மனமில்லை.

அம்மக்கள் ஒரு நாட்டுக்குப் பெயர்ந்தனரேயன்றி, அந்நாட்டின் நலன்கள் அவர்பாற் பெயர்ந்தில. 1945ஆம் ஆண்டில் வந்த இலவசக் கல்வி ஏனையோரை அடைந்தவாறு அவர்களை அடையவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. பள்ளியும் வாக்கும் இல்லாதார்க்குப் பாலும் முட்டையும் எங்ஙனம் கிட்டும்? காலம் சிறிது மாறியுள்ளது என்பதை மகிழ்ச்சியோடு கூறவேண்டும். வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், 2006, 2007ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய அளவீட்டின்படி தோட்டங்களில் நூற்றுக்கு 40 பேர். 2016ஆம் ஆண்டு அளவீட்டில் அத்தொகை 32 ஆகக் குறைந்தது. ஆயினும் அவ்வாண்டில் முழு நாட்டுக்குமான தொகை 17 மாத்திரமே. இடம் மாறுவதனாற் குழந்தையின் உடல் மாறுவதில்லை. அவ்விடத்தில் அதன் தாய்க்குக் கிடைப்பன மாறினாலே அது மாறும். இதுவே யாம் கற்ற முதற்பாடம்.

மேற்படிப்பின் பொருட்டு 1974ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்றோம். வடபகுதியில், பஞ்சாலைகள் நிறைந்த நகரமொன்றிற் குழந்தை வைத்தியத் துறையில் அமர்ந்தோம். ஆலைகளில் இரவு வேலை செய்த பாகிஸ்தானியரும் குஜராத்தியரும் வங்காளியரும் அங்கே குடும்பங்களை அழைப்பித்திருந்த காலம் அது. அங்குப் பால் உண்டு. இலவச வைத்தியம் உண்டு. பள்ளியில் மதிய உணவும் உண்டு. அவ்விடத்தில் யாம் எதிர்பாராத நோயொன்றைக் கண்டோம். கால்கள் வில்லாக வளைந்த குழந்தைகளும், மணிக்கட்டுப் புடைத்த குழந்தைகளும் வந்தனர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகள் படியேற இயலாது தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றனர். அது றிக்கெற்ஸ் என்னும் என்பு மெலிவு நோய்.

அந்நோய் அந்நாட்டுக்குப் புதியதன்று. புகைமண்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரங்களில் வெள்ளைக்காரத் தொழிலாளரின் பிள்ளைகளை அது முடமாக்கிற்று. 1919ஆம் ஆண்டில், பேர்லின் நகரில் ஹுல்ட்சின்ஸ்கி என்னும் வைத்தியர் புறஊதா விளக்கொளியால் அந்நோயைத் தீர்த்துக் காட்டினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வேட் மெலன்பி, மீனெண்ணெயின் ஆற்றலை நாய்க்குட்டிகளிற் சோதித்து நிறுவினார். அவ்வெண்ணெயிலுள்ள சத்தே பின்னர் விற்றமின் டி எனப் பெயர்பெற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசாங்கம் பிள்ளைகளுக்கு மீனெண்ணெயும் செறிவூட்டிய பால்மாவும் வழங்க, நோய் பெரும்பாலும் ஒழிந்தது. ஒழிந்ததென்று எல்லோரும் எண்ணியிருந்த வேளையில், 1962ஆம் ஆண்டில் டன்னிகன் முதலிய வைத்தியர்கள், கிளாஸ்கோ நகரத்துப் பாகிஸ்தானியக் குடும்பங்களிடையே அது மீண்டும் தலைகாட்டியதை வெளிப்படுத்தினர்.

இதன் காரணம் எளிது. சூரியனின் புறஊதாக் கதிர் தோலிற் படும்பொழுது, தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புப்பொருள் விற்றமின் டி ஆக மாறுகின்றது. அச்சத்தின்றேல் உணவிலுள்ள கல்சியத்தை உடல் ஏற்காது. யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. கிளாஸ்கோ 56 பாகையில் உள்ளது. அங்கே ஐப்பசி முதற் பங்குனி வரை வானில் வெயில் இருப்பினும் அதில் அக்கதிர் போதிய அளவு இராது. கரிய தோல் அக்கதிரைத் தடுக்கும் குடை. வெப்ப நாட்டில் நம்மைக் காத்த அக்குடை, குளிர்நாட்டில் நமக்கே தடையாயிற்று. அதன்மேல் உடலை மூடிய ஆடையும், வீட்டினுள் அடைந்த வாழ்வும், மீனும் முட்டையும் நீக்கிய உணவும் சேர்ந்தால் என்பு மெலியாது என் செய்யும்? நம் முன்னோர் அச்சத்தின் பெயரை அறியார். அறியவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருந்ததில்லை. முற்றத்து வெயில் அதனைக் கேளாமலே கொடுத்தது. புகுந்த மண் உடனே பறிப்பது என்று யாம் மேலே கூறியது இதனையே.

படியேற இயலாத ஒரு சிறுமிக்குத் துளிமருந்து கொடுத்துச் சில மாதங்கள் கழிந்ததும், அவள் வைத்தியசாலை நடைவழியில் ஓடிவந்தாள். அவள் தந்தை, "எங்கள் ஊரில் வெயிலுக்கு அஞ்சி மரத்தடியில் ஒதுங்கினோம், இங்கே வெயிலைத் துளித்துளியாகக் குடிக்கச் சொல்லுகிறீர்கள்" என்றார். இதனினும் தெளிவாக எந்த வைத்திய நூலும் கூறியதில்லை. 1981ஆம் ஆண்டில் அந்நாடெங்கும் றிக்கெற்ஸ் ஒழிப்பு இயக்கமொன்று நடந்தது. யாமும் வீடுவீடாகச் சென்று விளக்கினோம். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின் நம் மக்கள் அங்கு வந்து சேர்ந்தபொழுது, அதே பாடத்தைத் தமிழிலும் கூறவேண்டியதாயிற்று. மரக்கறியுணவே கொள்ளும் சைவக் குடும்பங்கள் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளல் வேண்டும். கீரையிலும் பருப்பிலும் பல சத்துக்கள் உண்டு. விற்றமின் டி மாத்திரம் அவற்றில் இல்லை. பிரித்தானிய சுகாதாரத் துறையினர் இன்று கூறும் அளவு, முதலாண்டுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 8.5 முதல் 10 மைக்கிரோகிராம். அதன்மேல் 10 மைக்கிரோகிராம். சில துளிகளால் முடியும் காரியம் இது. குழந்தை அருந்தும் புட்டிப்பாலிலேயே அச்சத்துப் போதிய அளவு சேர்ந்திருப்பதும் உண்டாதலின், வைத்தியரைக் கேட்டே கொடுத்தல் வேண்டும்.

இனி, உடனே கொடுப்பதைக் கூறுவோம். அது உயரம். மனிதரின் உடலமைப்புக் குலத்தால் அமைவது, அது மாறாதது என்று மேனாட்டு அறிஞர் பலர் எண்ணிய காலத்தில், பிரான்ஸ் போவாஸ் என்னும் பேரறிஞர் நியூயோர்க் நகரிற் குடியேறியோரும் அவர்தம் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்து, பெற்றோருக்கும் புதுமண்ணிற் பிறந்த பிள்ளைகளுக்கும் உடலமைப்பில் வேறுபாடு உண்டென 1911ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். அவர் கணிப்பின் சில பகுதிகளைப்பற்றிப் பின்வந்தோர் வாதிட்டனரேனும், அவர் காட்டிய வழியில் அளந்தோர் பலர். குவாத்தமாலா நாட்டு உள்நாட்டுப் போருக்கு அஞ்சி ஐக்கிய அமெரிக்காவில் தஞ்சம்புகுந்த மாயா இனத்தவரின் பிள்ளைகளை அளந்த பரி போகின் முதலியோர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. தாய்நாட்டிலிருந்த மாயாப் பிள்ளைகளினும் இவர்கள் சராசரி 11 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்திருந்தனர். அவ்வுயர்வில் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் கால்களின் நீளத்தாலே வந்தது. குழந்தைப் பருவத்தில் நல்லுணவும் நல்ல நீரும் பெற்ற உடல் முதலில் நீட்டுவது காலையே. போரிலிருந்து தப்பியோடிய மக்களின் பிள்ளைகளிடத்து ஒரே தலைமுறையில் நிகழ்ந்த மாற்றம் இது. ஆயின் அப்பிள்ளைகளிற் பலர் அளவுக்கு மிஞ்சிப் பருத்துமிருந்தனர் என்பதையும் அவ்வறிஞர் மறைக்கவில்லை.

இதற்கு எமது வீட்டுக் கதவுநிலையும் சான்று. அதில் எம் பிள்ளைகளின் உயரத்தை ஆண்டுதோறும் பென்சிலாற் குறித்து வந்தோம். பன்னிரண்டாம் வயதில் எம் மகன், அவ்வயதிற் கல்லூரி விடுதியில் அளக்கப்பட்ட எமது உயரத்தினும் நான்கு அங்குலம் கூடியவனாயிருந்தான். பெற்ற மனம் அக்கோட்டைப் பார்த்துப் பூரித்தது இயல்பே. ஆயின் அக்கதவுநிலை கூறாத கணக்கொன்றும் இருந்தது. அதுவே நெடுங்காலம் செல்லும் மூன்றாவது கணக்கு.

1975ஆம் ஆண்டில் அவன் பிறந்தபொழுது அவன் எடை 5 இறாத்தல் 11 அவுன்ஸ். அவ்வைத்தியசாலையில் அன்று பிறந்த ஆங்கிலக் குழந்தைகள் பெரும்பாலும் 7 இறாத்தலுக்கு மேற்பட்டவை. அவன் தாய்க்கு அந்நாட்டிற் குறையொன்றுமில்லை. வைத்தியன் மனைவிக்கு உணவும் மருந்தும் குறைவானேன்? இரண்டாண்டுகள் கழித்துப் பிறந்த மகளும் 5 இறாத்தல் 10 அவுன்சே. அம்மகள் இங்கிலாந்திலே பிறந்து, அந்நாட்டுப் பாலும் பழமும் உண்டு வளர்ந்து, தாயாகி ஈன்ற பெண்மகவின் எடை 6 இறாத்தல். ஒரு தலைமுறை முழுதும் முயன்று ஈட்டியது ஆறு அவுன்ஸ்!

இஃது எம் குடும்பத்துக்கே உரிய விந்தையன்று. சவுதாம்ப்டன் நகரத்துப் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்று, தென்னாசியாவிலிருந்து வந்த தாய்மார் ஈன்ற குழந்தைகளுக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்த தென்னாசியத் தாய்மார் ஈன்ற குழந்தைகளுக்கும் எடையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று காட்டியது. 2007ஆம் ஆண்டில் தொடங்கிப் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரைச் சேர்த்துக்கொண்ட பிரட்போர்ட் நகர ஆய்வும் இதனைப் பின்தொடர்ந்தது. பாகிஸ்தானிய வழியிற் பிறந்த குழந்தைகள் எடையிற் குறைந்திருந்தும், அவ்வெடைக்குத் தக்க அளவினும் மிகுந்த கொழுப்பு அவர்தம் உடலில் இருந்தது. புனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக் 2003ஆம் ஆண்டிலேயே, மெலிந்து தோன்றியும் கொழுப்பு நிறைந்த இத்தகைய இந்தியக் குழந்தையைப்பற்றி எழுதியிருந்தார். கொழுப்பு மிகுந்து தசை குறைந்த உடல், பிற்காலத்தில் நீரிழிவுக்கு எளிதில் இடங்கொடுக்கும்.

இது தலைமுறை தாண்டி நிற்பதேன்? பரம்பரையின் பங்கும் இதில் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், உடலியல் கூறும் உண்மையொன்றை மாணாக்கர் மனங்கொள்ளல் நன்று. ஒரு பெண்சிசு தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்பொழுதே, அதன் வாழ்நாள் முழுதுக்குமான சினைமுட்டைகள் யாவும் அதன் உடலில் உருவாகிவிடுகின்றன. எனவே, எம் மகன் எந்த முட்டையிலிருந்து தோன்றினானோ, அது அவன் பாட்டியார் கருவுற்றிருந்த 1944ஆம் ஆண்டிலேயே உருவாயிற்று. அது போர்க்காலம், அரிசி பங்கீட்டில் வந்தது. வந்த அரிசியிலும் ஆடவரும் பிள்ளைகளும் உண்டு எஞ்சியதே அவ்வம்மையார்க்கு. அவர் ஊட்டி வளர்த்த மகளும், தமையன்மார் உண்ட பின்னரே உண்டு வளர்ந்தவள். அம்மகளே எம் மனைவி. ஒரு தாய் தன் வயிற்றிற் சுமக்கும் மகவை வளர்ப்பது, அவள் அன்று உண்ணும் உணவு மாத்திரமன்று. சிறுமியாயிருந்தபொழுது அவள் உண்டதும், உண்ணாததுமாகும்.

எம் மகன் இன்று எம்மினும் உயர்ந்தவன். பருத்தவனுமல்லன். ஆயினும் தன் நாற்பதாம் வயதில் நீரிழிவுக்கு ஆளானான். பிறப்பெடையே அதற்குக் காரணமென ஒருவனை மட்டும் கொண்டு நிறுவ இயலாது. பல்லாயிரவரை அளந்தவிடத்துப் புலப்படுவதையே விஞ்ஞானம் கூறும். எடை குறைந்து பிறந்தோர்க்கு இருதய நோயும் நீரிழிவும் மிகுதியும் வருவதை, டேவிட் பாக்கர் முதலியோர் அவ்வாறு அளந்தே கண்டனர். முதியோர்க்கே உரியதென்று யாம் கற்ற அந்நீரிழிவு, பிரித்தானியக் குழந்தைகளிடத்தும் காணப்பட்டதாக 2000ஆம் ஆண்டில் முதன்முதல் எழுதப்பட்டபொழுது, அதிற் குறிக்கப்பட்ட எண்மரும் பாகிஸ்தானிய, இந்திய, அராபிய வழிவந்த பெண்பிள்ளைகள். யாவரும் பருத்த உடலினர். அக்கட்டுரையைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

இவ்விடத்தே, நம் பாட்டிமாரோடு ஒரு சிறு வழக்குண்டு. பேரனை அழைத்துவந்து, "தம்பி, பிள்ளை மெலிஞ்சு போனான், சத்துமா ஏதும் எழுதித் தாரும்" என்று கேட்ட யாழ்ப்பாணத்து மூதாட்டியர் எத்தனையோ பேர். எடை அட்டையை விரித்துப் பார்த்தால், பிள்ளை இருக்கவேண்டிய எடையிலேயே இருப்பான். பஞ்சமும் இடப்பெயர்வும் கண்ட கண்ணுக்குக் கொழுத்த பிள்ளையே சுகமான பிள்ளை. அக்கண்ணை யாம் குறைகூற மாட்டோம். அது கண்ட துன்பம் அத்தகையது. ஆயினும், சிறிதாய்ப் பிறந்த பிள்ளையை இனிப்பும் மாவும் ஊட்டி விரைந்து பருக்கவைத்தல், நீரிழிவுக்கு வாயிலைத் திறந்துவைத்தலாகும்.

அதே பாட்டிமாரிடம் பிள்ளைகள் கற்கவேண்டியனவும் பல. தாய்ப்பாலை ஈராண்டு கொடுத்தவர்கள் அவர்கள். கல்சியம் நிறைந்த குரக்கனையும் எள்ளையும் அன்றாட உணவாக்கியவர்கள் அவர்கள். பிள்ளைபெற்றவளுக்குச் சரக்குக்கறி சமைத்துக் கொடுத்து, அவளைச் சுமை தூக்கவிடாது ஓய்வளித்தவர்களும் அவர்களே. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று, குடியேறிய தாய்மார் அந்நாட்டில் வாழும் ஆண்டுகள் கூடக்கூட, நான்கு மாதமேனும் தாய்ப்பால் கொடுப்போர் தொகை குறைந்து செல்வதைக் காட்டுகின்றது. புகுந்த நாட்டின் துளிமருந்தையும் தடுப்பூசியையும் ஏற்று, பிறந்த நாட்டின் தாய்ப்பாலையும் குரக்கன் கூழையும் கைவிடாத குடும்பத்துப் பிள்ளையே இரு நாட்டின் நலனையும் பெறும். ஆனால் நம்மவர் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். புதுநாட்டின் இனிப்புப் பானத்தை ஏற்று அதன் விளையாட்டுத் திடலை விட்டனர். பழைய நாட்டின் நெய்ப் பலகாரத்தைக் காத்து அதன் நடையை மறந்தனர்.

இறுதியாக, இக்கல்லூரியில் இன்று பயிலும் மாணவர்க்கு ஒரு சொல். உம்முட் பலர் நாளை நாடு பெயர்வீர். பலர் இங்கேயே வாழ்வீர். எங்கு வாழினும் உம் பேரப்பிள்ளைகளின் உடல்நலத்தில் ஒரு பகுதி, இன்று உம் வீட்டு அடுக்களையிலே முடிவாகின்றது. நமது கல்லூரி ஆண்பிள்ளைகள் கல்லூரி. பரீட்சைக்குப் படிக்கின்றான் என்று உமக்கு முட்டையும் பாலும் எடுத்துவைக்கும் அன்னையர், அவற்றை உம் தமக்கைக்கும் தங்கைக்கும் வைப்பதில்லை என்பதை ஊருக்குத் திரும்பிய பின்னரும் யாம் பல வீடுகளிற் காண்கின்றோம். பழைய மாணவர் சங்கத்தினரும் இவ்விழா நிதியின் ஒரு பகுதியை, மலைநாட்டுப் பெண்கள் பாடசாலை ஒன்றின் மதிய உணவுக்கு ஒதுக்குவரேல், அதன் பயனை எழுபது ஆண்டு கழித்தும் அளந்தறியலாம். சங்கம் அதனைச் செய்யினும் செய்யாதொழியினும், மாணவர்காள், நீவிர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இன்றிரவு உணவுக்கு அமரும்பொழுது, தங்கையின் தட்டில் என்ன இருக்கின்றதென்று பார்த்து, உமது தட்டிலுள்ளதில் அவளுக்கும் சமபங்கு வைத்தபின் உண்ணுங்கள்.